அந்த 40 பக்க நோட்டு காலியாகவே திரும்பி வந்தது

போன வருஷம் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பாடவேளை ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, அவனுக்கு வயிறு வலிக்கும். வயிறு வலிக்கவில்லை என்றால் தாகம் எடுக்கும். ரெண்டும் இல்லாத நாளில் சாக்பீஸ் தீர்ந்துபோனதை எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்து, "ஹெச்.எம். ரூம்ல போய் எடுத்துட்டு வரட்டுமா டீச்சர்?" என்று எழுந்து நிற்பான். போய்வர இரண்டு நிமிஷம் போதும், அவனுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

அவன் சோம்பேறி என்று முடிவுகட்ட எனக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. பதினாலு வருஷமாக ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் நிற்கிறவள், எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு ஆதாரமும் கையில் இருந்தது. சில பாடங்களை அவன் தடங்கலே இல்லாமல் வாசிப்பான். மறுநாள் அதைவிடச் சின்னதாக ஒரு பத்தியைக் கொடுத்தால் முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுவான். ஆக, வராமல் இல்லை, மனசு வைப்பதில்லை. சரி, நினைத்ததோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த அவன் அம்மாவிடம், நாலு பேர் காதுபட, "மனசு வச்சா படிப்பாம்மா, வைக்க மாட்டேங்கறான்" என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க டீச்சர்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அவர் ஏன் வேறொன்றும் பேசவில்லை என்பது எனக்குப் புரிய இன்னும் நாலு மாதம் ஆனது.

எங்கள் பள்ளிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு சிறப்பாசிரியர் வருவார். பி.ஆர்.சி. டீச்சர் என்றுதான் சொல்வோம். என்னைவிட வயதில் சின்னவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் பள்ளியில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். அவர் பார்க்கிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பள்ளிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில், தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. அதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "பஸ்ஸுல உக்கார சீட்டு கிடைச்சாலே போதும்க்கா" என்றார்.

அவர் வரும் நேரத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய பட்டியலில் இருக்கிற பிள்ளைகளை, என் வகுப்பில் அப்போது மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் குழந்தை, அவர் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார், நான் அந்த நேரத்தில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டில், எதையாவது ஏற்றிக்கொண்டிருப்பேன். (எமிஸைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும், வேண்டாம்.) அவர் பிள்ளையைத் திருப்பி விடும்போது பதிவேட்டை நீட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பிள்ளையோடு அவர் என்ன செய்தார் என்று நானும் கேட்டதில்லை, வகுப்பில் அது என்ன செய்கிறது என்று அவரும் கேட்டதில்லை. இருவரும் ஒரே பிள்ளைக்குத்தான் வேலை செய்தோம், ஆனால் எங்களுக்குள் இருந்த உறவு போஸ்ட்மேனுக்கும் வீட்டுக்காரருக்கும் இருக்கிற உறவுதான்.

தம்பி அவர் பட்டியலில் இல்லை. இருக்கவும் வழியில்லை. கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சு கணீரென்று இருக்கிறது, கபடியில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

காலாண்டு லீவு முடிந்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல் அவன் சாக்பீஸ் யாத்திரையில் இருந்தபோது வராந்தாவில் அவர் கண்ணில் பட்டிருக்கிறான். ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார். போகும்போது என்னிடம் "அக்கா, இவனுக்கு வாசிக்க வருமா?" என்று கேட்டார். "மூட் இருந்தா வரும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்ததும் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். இரண்டு வரியைக் கடக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே முகம் சுருங்கியது. பிறகு அதே பாடத்தை அவர் வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், ஒரு பதில் பாடத்தை எழுதியவருக்கே தோன்றியிருக்காது. அதற்கப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் ஒரு விளையாட்டு: "பட்டம்னு சொல்லு. முதல் சத்தத்த எடுத்துட்டு அந்த இடத்துல க போடு. என்ன வரும்?" இரண்டாம் வகுப்புப் பிள்ளை "கட்டம்" என்று கத்திவிடும். இவன் யோசித்தான், ரொம்ப நேரம் யோசித்தான், "பக்கம்" என்றான்.

"இது சோம்பேறித்தனம் மாதிரி தெரியலக்கா. ஆனா நான் டாக்டர் இல்ல. முதல்ல கண்ணையும் காதையும் பாத்துடுவோம்" என்றார் அவர்.

கண்ணும் காதும் என்றதும் ஒரு கிளைக்கதை. பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழு வந்த அன்றைக்கு, தம்பியைக் காட்டும்போது சும்மா இருக்கட்டுமே என்று வகுப்பில் "மெல்லக் கற்போர்" என்று நான் குறித்து வைத்திருந்த ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தினேன். தம்பிக்குக் கண், காது இரண்டும் பழுதில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு வலது காதில் சீழ். எத்தனை மாதமாகவோ. வீட்டில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள், நான் செய்ததெல்லாம் அவளை முதல் வரிசைக்கு, இடது காது என் பக்கம் இருக்கும்படி மாற்றியதுதான். அரையாண்டுக்குள் அவள் அந்தப் பட்டியலிலிருந்தே வெளியே போய்விட்டாள். அவள் மெல்லக் கற்கவில்லை, பாதிதான் கேட்டிருக்கிறாள். "மெல்லக் கற்போர்" என்ற அந்தச் சொல்லின் மேல் எனக்கு அன்றைக்குப் போன நம்பிக்கை திரும்பி வரவில்லை. காது கேட்காத பிள்ளை, காலையில் சாப்பிடாத பிள்ளை, மாசத்தில் பாதி நாள் செங்கல் சூளைக்குப் போய்விடுகிற பிள்ளை, எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு மூடிவைக்க வசதியான சொல் அது.

டிஸ்லெக்சியா, அதாவது புத்திக்குக் குறைவில்லாமல் வாசிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும் வருகிற சிரமம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வருவது, தமிழ்தான் எழுதியபடியே வாசிக்கிற மொழியாயிற்றே, தமிழில் எப்படி வரும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜெர்மன், ஃபின்னிஷ் மாதிரி எழுத்துக்கும் ஒலிக்கும் நேர் உறவு இருக்கிற மொழிகளிலும் அது இருக்கத்தான் செய்கிறது. அங்கே பிள்ளைகள் தப்பாக வாசிப்பதைவிட, மிக மிக மெதுவாக வாசிப்பதில்தான் அது தெரியுமாம். தமிழுக்கு அதோடு கூடக் கொஞ்சம் சிக்கல்கள் உண்டு. தம்பியோடு உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட எழுத்துகளை நானே முதல்முறையாக உற்றுப் பார்த்தேன்.

"கொ"வை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். இடமிருந்து வலமாக வாசி என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, முதலில் நிற்கிற கொம்பைக் கடைசியில் உச்சரி என்கிறோம். அந்தக் காலோ கிட்டத்தட்ட "ர" மாதிரியே இருக்கிறது. தம்பி "கொடி"யைப் பார்த்து "கெரடி" என்பான். நான் அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்ததை அச்சு அசலாக வாசித்திருக்கிறான்! கு, சு, து, ரு என்று எழுதிப் பாருங்கள், உகரம் ஒன்றுதான், ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு உருவம். "கடல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் க ஒன்றுதான், சத்தம் மூன்று. பெரியார் 1930களிலேயே குடிஅரசில் எழுத்துகளைச் சீர்படுத்தி அச்சிட்டதும், 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதை அரசாணையாக்கி ணை, லை, றா எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு வந்ததும் நமக்கு வரலாற்றுச் செய்தி. அந்தத் தும்பிக்கை போட்ட பழைய லையும் இன்னும் இருந்திருந்தால் தம்பியின் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேன். இதற்கு மேலே பேச்சுத் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. அவன் வீட்டில் "உக்காந்தான்", புத்தகத்தில் "உட்கார்ந்தான்". மற்ற பிள்ளைகள் அந்தப் பள்ளத்தை ஒரே தாண்டில் தாண்டிவிடுவார்கள். ஏற்கெனவே எழுத்தோடு போராடுகிறவனுக்கு அது இன்னொரு மொழி.

எழுத்துகள் கண் முன்னால் நடனமாடும் என்று எங்கோ படித்திருந்ததால் அவனிடம் கேட்டேன். "ஆடாது டீச்சர், அது பாட்டுக்குச் சும்மாதான் இருக்கும்" என்றான், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு.

சரி, பிரச்சினை என்ன என்று ஓரளவு தெரிந்தது. ஆனால் சில பாடங்களை மட்டும் அவன் எப்படிக் கடகடவென்று வாசித்தான்? அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் என்னிடமும் இல்லை, சிறப்பாசிரியரிடமும் இல்லை, எங்கள் சத்துணவுச் சமையலர் அக்காவிடம் பாதி இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில், "அந்தப் பையனா? சொல்வதை எழுதுதல் இருக்கற அன்னிக்கெல்லாம் இங்கதான் வந்து அண்டா கழுவிட்டிருப்பான். எல்லாரும் பாக்கும்போது படிக்கத்தான் வராதாம், அவங்க அக்கா ஒருக்கா படிச்சுச் சொல்லிட்டா மனப்பாடம் ஆயிருமாம்" என்றார். அவருக்கு இது ஒரு வருஷமாகத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்டா கழுவ ஆள் கிடைத்ததில் அவருக்கு நஷ்டமும் இல்லை.

அப்போ, அவன் வாசித்ததாக நான் நினைத்த பாடங்களெல்லாம் முந்தின ராத்திரி எட்டாம் வகுப்பு படிக்கும் அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்து, மறுநாள் விரலை வரியில் ஓட்டியபடி ஒப்பித்தது. "மனசு வைப்பதில்லை" என்று நான் சொன்ன பையன், வகுப்பில் வேறு யாரும் செய்யாத வேலையை ஒவ்வொரு ராத்திரியும் செய்திருக்கிறான்.

இதற்குப் பிறகுதான் நோட்டு யோசனை வந்தது. யோசனை சிறப்பாசிரியருடையது, உற்சாகம் என்னுடையது. 40 பக்க நோட்டு ஒன்று. அது தம்பியின் பையிலேயே இருக்கும். வாரத்துக்கு ஒரு பக்கம். நான் ஒரு பகுதியில் எழுதுவேன், செவ்வாய்க்கிழமை அவர் எழுதுவார், வீட்டில் அம்மா எழுதுவார். ஒரே ஒரு விதி: பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், தீர்ப்பு எழுதக் கூடாது. இந்த விதி கேட்கச் சுலபமாக இருக்கும், முதல் வாரமே நான் "கவனமின்மை" என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு "என்ன நடந்துச்சுன்னு எழுதுங்கக்கா" என்றார். திரும்ப எழுதினேன்: "பலகையைப் பார்த்து எழுதச் சொன்னேன். எட்டு வரியில் மூன்று எழுதினான். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான்காவது வரியில் தண்ணீர் குடிக்கப் போனான்." எழுதி முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. பலகையிலிருந்து எழுதச் சொல்லாமல், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். "கவனமின்மை"யை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

ஆனால் அம்மாவின் பகுதி காலியாகவே வந்தது. முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கணவர் திருப்பூரில், நேரம் இருக்காதுதான். ஆனாலும் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நமக்கு இருக்கிற அக்கறை பெற்றவர்களுக்கு இல்லையே என்று, எல்லா ஸ்டாஃப் ரூம்களிலும் தினமும் ஓடுகிற அந்தப் பாட்டை நானும் பாடினேன். சிறப்பாசிரியர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார், "அவங்களுக்கு எழுத வருமான்னு கேட்டீங்களாக்கா?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படிப்பு ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். "எழுத்தக் கூட்டறதுக்குள்ள மத்த புள்ளைங்க அடுத்த பக்கம் போயிடும் டீச்சர். வாத்தியாரு மனசு வச்சாப் படிப்பன்னு சொல்லுவாரு" என்றார். அதே வார்த்தை. எழுத்துக் கூட்டுவதில் இந்த மாதிரி சிரமம் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ உலகில் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். எனக்கு அது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. எழுதத் தடுமாறுகிற பையனுக்கு உதவ, எழுதத் தடுமாறுகிற அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். அதுவும் மூன்று வாரம் தொடர்ந்து, நினைவூட்டலோடு.

அதற்குப் பிறகு அம்மாவின் பகுதி வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஆனது. நோட்டில் ஒரு வரி எழுதாதவர், பேசச் சொன்னால் எங்கள் எல்லோரையும்விடத் துல்லியமாகப் பார்த்துச் சொல்கிறவராக இருந்தார். "ராத்திரி படிக்கச் சொன்னா அழுவறான், காலையில கோழி கூவற நேரத்துல படிச்சா அழுவறதில்ல." "சின்ன எழுத்துன்னா விரல் நடுங்குது, காலண்டர்ல இருக்கற பெரிய எழுத்துன்னா வாசிக்கறான்." இந்த இரண்டாவது தகவலுக்காக நான் எவ்வளவு காசு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அடுத்த நாளிலிருந்து அவனுக்கான பக்கங்களைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக் கொடுத்தேன். நோட்டை நானும் சிறப்பாசிரியரும் தொடர்ந்தோம். அம்மாவின் வாய்ஸை அவன் அக்கா கேட்டு அதில் எழுதி அனுப்புவாள், அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

மற்றபடி நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. வாயால் சத்தங்களைப் பிரித்துச் சேர்க்கும் விளையாட்டு தினமும் பத்து நிமிஷம், எழுத்தே இல்லாமல். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது, எழுதும்போதே சத்தமாகச் சொல்வது. கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் அட்டையில் தனியாக வெட்டி, உயிர்க்குறிக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் என்று சேர்த்துப் பார்ப்பது. "கொ"வில் கொம்பும் காலும் ஒரே நிறம் ஆனதும் அந்தக் கால் "ர" இல்லை என்பது அவனுக்கே பிடிபட்டது. வகுப்பின் முன்னால் தனியாக வாசிக்கச் சொல்வதை அடியோடு நிறுத்தினேன், ஜோடி வாசிப்பு மட்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த மாதிரி முறைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. எனக்குக் கிடைத்ததெல்லாம் சிறப்பாசிரியர் செவ்வாய்க்கிழமை டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எமிஸைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஹெச்.எம். முதலில் முறைத்தார், அப்புறம் அவரும் டீயோடு வந்து உட்கார ஆரம்பித்தார்.

வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க அரசுப் பள்ளிகளில் வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்து, அடுத்த வருஷம் நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பது நல்ல யோசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா, மைதானத்தில் "போடா அரும்பு" என்று திட்டிக்கொள்வது என் காதில் விழுந்தது. எவ்வளவு பூப்பூவாகப் பெயர் வைத்தாலும் அதை ஒரு வாரத்தில் கல்லாக்கி எறிகிற திறமை பத்து வயதுக்கு உண்டு. இதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு வந்த சண்டைதான் பெரிது. கணக்கு எடுக்கிற சார் (நல்ல மனிதர், எனக்கு முன்னாலிருந்தே அந்தப் பள்ளியில் இருப்பவர்) தம்பிக்குத் தேர்வில் வாக்கியக் கணக்குகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்றதும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தனுக்கு மட்டும் சலுகை குடுத்தா மத்த முப்பது பேருக்கு என்ன பதில் சொல்றது?" நான் நியாயம், சமத்துவம் என்று என்னென்னவோ பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீங்கள் தேர்வு வைப்பது கணக்குக்கா தமிழுக்கா என்று கேட்டதற்கும் கோபம்தான் வந்தது. கடைசியில் சிறப்பாசிரியர் ஒரு வழி சொன்னார்: ஒருத்தனுக்கு மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் சேர்த்து வாசியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் சார் இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். தம்பி 60க்கு 47 எடுத்தான். சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரை யோசிக்க வைத்தது வேறு. இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கூடியிருந்தது. அவர்களுக்கும் கணக்கு வந்திருக்கிறது, கேள்விதான் புரிந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் எல்லாத் தேர்வுக்கும் வாசித்தார், என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் பேசவில்லை. சில விஷயங்களில் ஜெயித்துவிட்டால் சத்தம் போடக் கூடாது.

தம்பிக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கப் பார்த்த கதை மட்டும் சரியாக முடியவில்லை. 1995இல் வந்த பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா இதில்தான் சேரும்) அதில் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் 21 வகையாகி, இதுவும் உள்ளே வந்தது. எட்டு வயதுக்குப் பிறகு பரிசோதித்துச் சான்று தரலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுத ஆள் கிடைக்கும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "சீட்டு வாங்கிட்டா நாளைக்கு அவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா டீச்சர்?" பத்து வயதுப் பையனுக்கு என்று சிரிக்கத் தோன்றும். ஊரில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது. அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. சான்று தருகிற மருத்துவ முகாமுக்கு ஒருநாள் கூலியை விட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் ஏறிப் போனார். எலும்பு டாக்டர், கண் டாக்டர், காது டாக்டர் எல்லாரும் இருந்தார்கள், இதைப் பார்க்க வேண்டிய உளவியலாளர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முகாம் வருவதற்குள் பள்ளி முடிந்துவிட்டது.

மொழி விலக்கு பற்றி எனக்கும் சிறப்பாசிரியருக்கும் ஒரு வாக்குவாதம் உண்டு, இன்னும் தீரவில்லை. விலக்கு வாங்கிக்கொள்ளட்டும், பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது அவர் பக்கம். விலக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பாடத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே மாட்டார்கள் என்பது என் பயம். இருவரும் சொல்வதும் நடக்கிறதைப் பார்த்துத்தான் சொல்கிறோம். பத்தாம் வகுப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதுவரை சண்டை போடலாம்.

வருஷக் கடைசியில் தம்பி ஒரு பக்கத்தை, முன்னால் பார்க்காத பக்கத்தை, ஆறு நிமிஷத்தில் வாசித்தான். வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஆறு நிமிஷமும் அவன் எங்கேயும் எழுந்து போகவில்லை என்பதைத்தான் நோட்டில் எழுதினேன்.

ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளிக்குப் போய்விட்டான். நோட்டின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதி, ஜூன் முதல் வாரம் தற்செயல் விடுப்புப் போட்டுவிட்டு நானே போய் அவன் வகுப்பாசிரியரைப் பார்த்தேன். அவருக்கு அன்றைக்குப் புத்தக விநியோகம், சீருடை, சேர்க்கை எல்லாம் ஒன்றாக. மரியாதையாக வாங்கிக்கொண்டு, "கட்டாயம் பாக்கறேன் மேடம்" என்று டிராயரில் வைத்தார். அந்த டிராயரில் ஏற்கெனவே நிறைய தாள்கள் இருந்தன. என் டிராயரும் அப்படித்தான் இருக்கும், அதனால் அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது தொண்டையை அடைத்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், யாரோ டிக்கெட் கேட்கும் சத்தம்.

"டீச்சர், நான்தான். ஸ்கூலுக்குப் போயிருந்தேன். அந்த மிஸ்ஸுகிட்ட நானே சொல்லிட்டேன், போர்டப் பாத்து எழுதச் சொல்லாதீங்க, பக்கத்துல தாள் வச்சா எழுதுவான்னு. எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சுப் படிக்கச் சொல்லாதீங்கன்னும் சொன்னேன். சரின்னாங்க. அவங்க போன் நம்பரும் வாங்கிட்டு வந்துட்டேன். எழுத வராதுங்க, பேசி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."